பக்கத்து மனையின் தண்ணீர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராவே என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே 42 ஏக்கர் நிலத்தை மழித்துத் தட்டையாக்கி, 186 சிறு வீடுகளைக் கட்டியது ஒரு கட்டுமான நிறுவனம். அந்த நிலத்தில் ஒரு சிற்றோடை இருந்தது. புதிய தெருக்களிலும் கூரைகளிலும் விழும் மழையையெல்லாம் நிறுவனம் ஒரு நெளி இரும்புக் குழாயில் சேர்த்தது. ஓடையின் தடத்திலேயே குழாயைப் புதைத்து மண்ணால் மூடியது. தன் எல்லைக்குள் ஓடை இருந்த அடையாளமே இல்லாமல் செய்துவிட்டது. எல்லைக்கு அப்பால், தாழ்வில் இருந்த வீட்டுக்காரர்களின் தோட்டத்தில்தான் அத்தனை தண்ணீரும் வெளிவந்தது. மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஓடை மழை பெய்தால் சீறிப் பாய்ந்தது. நிறம் மாறியது, நாற்றமடித்தது, மீன்கள் மறைந்தன. கரை அரித்து, நிலம் துண்டு துண்டாக இடிந்து விழுந்தது.

வழக்கு 1956-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர் வில்லியம் பிரென்னன். அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டவர். கிராமம் நகரமாக மாறுவது சமூகத்துக்கு நல்லது என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த மாற்றத்தில் மழைநீரை வெளியேற்றும் செலவை, லாபம் பார்க்கிறவரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவது எப்படி நியாயமாகும் என்பதே அவருடைய கேள்வி. எஞ்சிய தூரத்துக்கும் நிறுவனமே தன் செலவில் குழாய் பதிக்க வேண்டும் என்ற கீழ்நீதிமன்றத்தின் உத்தரவு உறுதியானது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்வி பழையதாகவில்லை. சென்னையின் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே கேள்வி வாசற்படி ஏறி வருகிறது. புதிதாக எழும்பும் கட்டடம் மழையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துகொள்கிறது. அது தள்ளிவிடும் தண்ணீருக்குப் பொறுப்பாளி யார் என்பது மட்டும் முடிவாகாமல் கிடக்கிறது.

ஓர் ஏக்கரின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் 22,300 லிட்டர் விழுகிறது. சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏறத்தாழ இரண்டு.

விழுவதெல்லாம் வழிந்தோடாது. எவ்வளவு வழியும் என்பதைத் தரை தீர்மானிக்கிறது. அயர்லாந்தின் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-இலும், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து எமில் குய்க்ளிங் 1889-இலும் வகுத்த எளிய சூத்திரத்தை வடிகால் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பரப்பு, மழையின் வேகம், தரையின் தன்மையைக் குறிக்கும் ஓர் எண் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வழிந்தோடும் நீரின் வேகம் கிடைத்துவிடும். புல் மூடிய மண்ணுக்கு அந்த எண் 0.2 என்று கொண்டால், கான்கிரீட்டுக்கும் கூரைக்கும் 0.9. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டும்போது, புல் வளர்ந்த ஓர் ஏக்கர் வினாடிக்கு ஏறத்தாழ 11 லிட்டரை வெளியே அனுப்பும். அதே ஏக்கரில் கான்கிரீட் போட்டுவிட்டால் 50 லிட்டர். மழை கூடவில்லை, நிலமும் கூடவில்லை. பக்கத்து வீட்டு வாசலுக்கு வரும் தண்ணீர் மட்டும் நான்கரை மடங்காகிவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாள் கணக்கில் பெய்து மண் ஊறிப்போன பிறகு, திறந்த நிலமும் கான்கிரீட்டைப் போலவே தண்ணீரைத் தள்ளும். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அத்தகைய மழையில் எந்த மண்ணும் பெரிதாக உறிஞ்சியிருக்க முடியாது. ஆகவே கான்கிரீட்டின் விளைவு முழுமையாகத் தெரிவது ஆண்டுதோறும் பலமுறை வரும் சாதாரண மழையில்தான். முன்பெல்லாம் இந்த அளவு மழைக்குத் தண்ணீர் நின்றதே இல்லை என்று பழைய குடியிருப்புவாசிகள் சொல்வதில் நீரியல் உண்மை இருக்கிறது.

பெருமழையில் வேறொரு கணக்கு முன்னுக்கு வருகிறது. சென்னையைப் போன்ற சமதளத்தில் தண்ணீர் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். தாழ்ந்த ஓர் ஏக்கர் மனையை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணடித்து நிரப்பினால், அங்கே நின்றிருக்கக்கூடிய 40 லட்சம் லிட்டர் தண்ணீர் இடம் இழக்கிறது. அது இன்னும் மேடாகாத மனைகளைத் தேடித்தான் போகும்.

தண்ணீரோடு மண்ணும் வருகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்டன் வோல்மன் 1967-இல் மேரிலாந்து ஆறுகளின் வண்டல் பற்றி எழுதிய ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். காடாக இருந்தபோது ஓடைக்கு வந்த மண் சொற்பம். உழவு வந்ததும் கூடியது. வீடு கட்ட நிலத்தைத் திறந்துபோட்ட காலத்தில் அளவிறந்து பெருகியது. கட்டி முடித்துத் தரை மூடிய பின் வண்டல் வரத்து குறைந்தது. ஆனால் கூடுதல் தண்ணீர் ஓடைக் கரைகளை அரிக்கத் தொடங்கியது. கட்டுமானத் தளங்களிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண், விளைநிலங்களைக் காட்டிலும் 10 முதல் 20 மடங்கு, காடுகளைக் காட்டிலும் 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிடுகிறது. அந்த மண் தெரு வடிகாலில் படிந்தால், பல தெருக்களின் தண்ணீருக்கும் வழி அடைபடும். தோண்டிய தளத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்துச் சாலையில் விடும் சேற்று நீரும், வடிகால் ஓரம் குவித்த எம்-சாண்டும், இடிபாட்டுக் குப்பையும் செய்யும் வேலை இதுதான்.

சட்டம் நடந்த பாதை

மேட்டு நிலத்துக்காரருக்கும் பள்ளத்து நிலத்துக்காரருக்கும் இடையிலான வழக்கு மிகப் பழையது. மழைநீரால் வரும் தீங்கைத் தடுக்கக் கோரும் வழக்குக்கு, கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. இயற்கையாக வழியும் நீரைப் பள்ளத்துக்காரர் ஏற்க வேண்டும். மனிதர் செய்த வேலையால் நீரின் போக்கு மாறித் தீங்கு வந்தால், செய்தவர் சரிசெய்ய வேண்டும். ரோமானியச் சட்ட அறிஞர்கள் வகுத்த அடிப்படை அதுவே.

அமெரிக்க மாநிலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரிந்து நின்றன. சில மாநிலங்கள் ரோமானிய வழியைப் பின்பற்றின. மற்றவை மழைநீரை எல்லோருக்கும் பொதுவான எதிரியாகக் கருதி, அவரவர் விருப்பப்படி தடுக்கவும் தள்ளவும் உரிமை கொடுத்தன. இரண்டாவது வழி கட்டுகிறவருக்கு வசதி. அடுத்தவர் வீடு மூழ்கினால் கேட்க நாதியில்லை. முதல் வழியை அப்படியே பிடித்துக்கொண்டாலோ, எந்தக் கட்டுமானமும் நீரின் போக்கை மாற்றும் என்பதால் ஊரே வளர முடியாது.

பிரென்னனின் தீர்ப்பு இரண்டையும் விட்டு மூன்றாவது வழிக்கு வந்தது. செயல் நியாயமானதா, தீங்கு எவ்வளவு, அது முன்கூட்டியே தெரியக்கூடியதா என்று எடைபோடும் வழி அது. பத்தாண்டுகள் கழித்து, 1966-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் கடமை உண்டு என்றது. மேட்டில் இருப்பவர் தீங்கு வராமல் இயன்ற கவனம் எடுக்க வேண்டும். பள்ளத்தில் இருப்பவரும் தம்மைக் காத்துக்கொள்ள நியாயமான முயற்சி செய்ய வேண்டும்.

வழக்கு என்பது வீடு மூழ்கிய பிறகு போடுவது. கட்டுமுன்பே தடுக்கும் விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அமெரிக்காவில் 1987-இல் தூய நீர்ச் சட்டத்தில் செய்த திருத்தத்தைத் தொடர்ந்து, 5 ஏக்கருக்கு மேற்பட்ட கட்டுமானத் தளங்களுக்கு மழைநீர் அனுமதி கட்டாயமானது. 1999-இன் விதி அந்த வரம்பை ஓர் ஏக்கராகக் குறைத்தது. அனுமதி பெறுகிறவர் மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். வண்டல் தடுப்பு வேலிகளையும் படிவுத் தொட்டிகளையும் குறித்த இடைவெளியில் பார்வையிட்டுப் பதிவு செய்ய வேண்டும். இது ஆறுகளைக் காக்க வந்த விதி. என்றாலும் பக்கத்து வீட்டுக்காரரின் வழக்குக்குத் தேவையான சான்று அந்தப் பதிவேட்டில் கிடைத்துவிடுகிறது.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது. 2010 ஜூனில் அந்நாட்டின் முதன்மைக் கடைவீதியான ஆர்ச்சர்டு சாலை மூழ்கியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2014 முதல், 0.2 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கர் அளவுக்கு மேற்பட்ட மனைகளில் புதிதாகக் கட்டுகிறவர்கள், பெருமழையின் உச்ச ஓட்டத்தைத் தங்கள் மனைக்குள்ளேயே கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டின் நீர்வாரியம் விதித்தது. தொட்டியில் பிடித்துவைத்து மழை ஓய்ந்த பின் மெல்ல விடலாம். செடிப் பாத்திகளில் தேக்கலாம். கட்டுமானக் காலத்தில் வடிகாலில் விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் கலந்திருந்தால் குற்றம்.

உயரும் மனைகள், தாழும் வீடுகள்

தென் சென்னையின் நிலத்தைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கரணையிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். கடந்த அரை நூற்றாண்டில் சதுப்பின் பெரும்பகுதி குடியிருப்பாகவும் அலுவலக வளாகமாகவும் குப்பைமேடாகவும் மாறிப்போனது. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

இந்தத் தாழ்நிலத்தில் முதலில் வீடு கட்டியவர்கள் அன்றைய தெருவுக்கு இரண்டடி மேலே அஸ்திவாரம் போட்டார்கள். பிறகு தெரு உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டதால், ஒவ்வொரு முறையும் சில அங்குலங்கள் ஏறின. 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தும் நிலை வந்தது. தெரு உயர்ந்ததால் பக்கத்துக் காலி மனையில் கட்டுகிறவர் அதைவிட மூன்றடி உயர்த்தி மண்ணடித்தார். பழைய வீட்டுக்கு ஒருபுறம் தெரு, மூன்று புறம் மதில்கள் என்றாகிவிட்டது. வழி இல்லாமல் போனவர்களில் சிலர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த வேலைக்கென்றே தனிக் குழுக்கள் உருவாகிவிட்டன.

மனைகள் இப்படி உயர்ந்துகொண்டே போவதற்கு அனுமதி நடைமுறையே ஒரு காரணம். வெள்ள அபாயம் உள்ள இடத்தில் பெரிய திட்டத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. மனையைக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு மண்ணடித்து இறுக்க வேண்டும் என்பது அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனை. புதிய குடியிருப்புவாசிகளின் பாதுகாப்புக்கு அது அவசியந்தான். வளாகத்துக்குள் வடிகால் அமைக்கச் சொல்லும் வரிகளும் சான்றில் உண்டு. ஆனால் மனை உயர்ந்த பிறகு பக்கத்து வீட்டின் தரை எத்தனை அடி தாழ்ந்துபோகும், அந்த வீட்டின் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்று அந்த வீட்டுக்காரரையே அழைத்துக் கேட்கும் கட்டம் சாதாரணக் கட்டட அனுமதியில் இல்லை. மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேல்தான். குடியிருப்புத் தெருக்களுக்குள் எழும்பும் நான்கு மாடி, ஐந்து மாடி அடுக்ககங்கள் பெரும்பாலும் அந்த வலைக்குள் வருவதில்லை.

2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்னோடியான நடவடிக்கை அது. ஆனால் நிலத்தடி நீரைப் பெருக்குவதே அதன் நோக்கம். பெசன்ட் நகரின் கடற்கரை மணலில் உறைகிணறு தண்ணீரை விறுவிறுவென்று உள்ளே வாங்கும். வேளச்சேரிக் களிமண்ணில், நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும்போது, அதே உறைகிணறு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பெருமழையின் உச்சத்தைத் தாங்கத் தனித் தொட்டி வேண்டும்.

தண்ணீர் சேதப்படுத்துவது மரச்சாமான்களை மட்டும் அல்ல. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் ஆழமாகத் தோண்டப்பட்டிருந்த கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2019 ஜூன் 29 அன்று புனேயின் கோண்ட்வாவில், கட்டுமானத் தளத்தை ஒட்டியிருந்த குடியிருப்பின் மதில் மழையில் இடிந்து, தகரக் கொட்டகைகளில் உறங்கிய தொழிலாளர் குடும்பங்களில் 15 பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் பக்கத்து எளிய வீடுகள் மீது விழுந்து 17 உயிர்கள் போயின. மண்ணையோ நீரையோ தாங்கி நிற்கும் சுவருக்கு அதற்கான கனமும், தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகளும் தேவை. எல்லை காட்டுவதற்காகக் கட்டிய ஒற்றைக்கல் மதிலுக்குப் பின்னால் மூன்றடி மண்ணை நிரப்பினால், அந்த மதில் தாங்காது. இப்படிப்பட்ட சுவர்களின் நிழலில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

1882-இன் சட்டம் சொல்வது

இந்தப் பிரச்சினைக்கு நம்மிடம் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7-ஆவது பிரிவு நில உரிமையாளரின் இயற்கை உரிமைகளை எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயற்கையாகத் தாழ்ந்த நிலத்துக்கு வழிவதை, தாழ்ந்த நிலத்தின் உரிமையாளர் அனுமதிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

கட்டுகிறவருக்குச் சாதகமான வரிபோல இது தோன்றும். உண்மையில் பழைய வீட்டுக்காரருக்கே இது இரு வகையில் உதவுகிறது. வயலாகவோ பள்ளமாகவோ கிடந்த பக்கத்து மனைக்குத்தான் பழைய வீட்டின் தண்ணீர் காலங்காலமாக வடிந்தது என்றால், அன்றைய நிலையில் பழைய வீடே மேட்டு நிலம். அந்தப் பள்ளத்தை மண்ணடித்து மூடுகிறவர் இயற்கை வடிகாலை அடைக்கிறார். மாறாக, புதிய மனைதான் இயற்கையிலேயே மேடு என்றாலும், சட்டம் காப்பது இயற்கையாக வழியும் நீரை மட்டுமே. மொட்டைமாடி நீரைக் குழாயில் சேர்த்து மதிலோரம் கொட்டுவது அதில் அடங்காது.

காலக்கெடுவும் முக்கியம். அடுத்தவர் மனையில் தண்ணீர் விடுவதை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாகவே செய்துவந்தவருக்கு அது நிலையான உரிமையாகிவிட 15-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே முதல் மழையிலேயே எழுத்தில் ஆட்சேபம் தெரிவிப்பது நல்லது. பேச்சு பலிக்காவிட்டால், தவறைச் சரிசெய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை பெறவும் நீதிமன்றத்தால் முடியும். மழை நின்று தண்ணீர் வடிந்துவிட்டால் பாதிச் சான்று போய்விடும் என்பதால், இத்தகைய வழக்குகளில் அந்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம். கட்டட இடிபாடுகள் வடிகாலை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையை 2016-இன் கட்டுமானக் கழிவு விதிகள் கட்டுகிறவர் மீதே வைத்தன. வடிகால் அமைக்கப் பணமில்லை என்று உள்ளாட்சி தட்டிக்கழிக்க முடியாது என்பதை, ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உறுதிபடச் சொல்லிவிட்டார்.

கோப்பில் சேர வேண்டிய தாள்கள்

சட்டம் இருந்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. ஒரு கூலித் தொழிலாளியோ ஓய்வூதியரோ கட்டுமான நிறுவனத்தோடு நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட முடியாது. ஆகவே அனுமதிக் கோப்பிலேயே விடை இருக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மனையின் தரைமட்டத்தோடு நான்கு பக்கத்து வீடுகளின் தரைமட்டத்தையும் தெருவின் மட்டத்தையும் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். சர்வேயருக்கு அது அதிக நேரம் பிடிக்கும் வேலை அல்ல. கட்டுவதற்கு முன் எத்தனை லிட்டர் வழிந்தது, கட்டிய பின் எத்தனை வழியும், மிகுதியை எந்தத் தொட்டி பிடித்துவைக்கும், எந்த வடிகாலில் விடும் என்ற கணக்கு ஒரே பக்கத்தில் அடங்கும். இந்தத் தாள்களின் நகல் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் போக வேண்டும்.

வரம்பையும் கீழே இறக்க வேண்டும். அரை ஏக்கர் மனைக்குச் சிங்கப்பூரால் விதி வகுக்க முடிகிறது. தமிழ்நாட்டின் நகரங்களில், குறைந்தபட்சம் தாழ்நிலப் பகுதிகளில், ஐந்தாறு கிரவுண்டு மனைக்கும் அதைக் கொண்டுவரலாம்.

கட்டுமானக் காலத்துக்கான ஏற்பாடுகள் இன்னும் எளியவை. மனையின் உட்புறம் சுற்றிலும் ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் மூலையில் வண்டல் படியும் தொட்டி, லாரி வெளியேறும் இடத்தில் ஜல்லி பரப்பு, தார்ப்பாய் மூடிய மண் குவியல், எல்லையில் மண்ணைத் தாங்கத் தனிச் சுவர். எல்லாம் எந்த மேஸ்திரிக்கும் தெரிந்த வேலைகள். இவற்றுக்கு ஒரு தேதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்குகிறது. செப்டம்பர் 30-க்குள் இந்த ஏற்பாடுகள் முடிந்ததை உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரி வரை அந்தத் தளத்தில் மண்வேலைக்கு அனுமதி இல்லை என்று ஒரு விதி வகுக்கலாம். உள்ளாட்சியின் கையில் இருக்கும் கட்டட அனுமதியிலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிட முடியும்.